வரப்பை வெட்டியவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பரந்தாமனின் லேத் பட்டறைக்கு நான் போட்ட கான்கிரீட் தரை வெடித்ததற்குக் காரணம் நான் இல்லை. அன்றைக்கு இதைக் கேட்க ஆள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அதுவும் சிவில். பொம்பளைக்கு சைட்டில் என்ன வேலை என்று போன இடத்திலெல்லாம் திருப்பி அனுப்பினார்கள். பரந்தாமன் மட்டும், தரையைப் போட்டுக் காட்டு, சரியாக வந்தால் கட்டிட வேலை முழுக்க உனக்குத்தான் என்றார். என் அப்பா துலுக்கானம் பாதி ஆயுசு அவர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அந்த நிலத்தில்தான் இப்போது பட்டறை.

வைகாசி வெயில். புதுத் தரை சட்டென்று காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். இரண்டு வாரமாவது அதன்மேல் தண்ணீர் நிற்க வேண்டும். களிமண்ணில் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாக நீரைத் தேக்க அப்பாவை, என் நைனாவை விட்டால் யார்? அவர் கட்டிய வரப்பு கசியாது. அந்தத் தைரியத்தில் நான் சிமெண்டுக்கு சர்க்கார் பர்மிட் வாங்க அலைந்துகொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் வந்து பார்த்தால் தரை வெளுத்துக் கிடக்கிறது. நடுவில் லேத் மெஷின், அதற்கு மாலை, சந்தனப் பொட்டு. முகூர்த்த நாளாம், மெஷினை இறக்க வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். தரையின் ஓரத்திலிருந்து மெஷினின் அடிவரைக்கும் வெடிப்பு.

பட்டறையில் பணம் போட்ட கூட்டாளி வரதன் வெடிப்பைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணிய யாரு தொறந்து உட்டது?"

பரந்தாமன் நைனாவைப் பார்த்தார். நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பொண்ணுதான் சொல்லிச்சு சாமி. ஊறினது போதும்னுச்சு."

நான் சொல்லவே இல்லை என்றேன்.

"அப்போ பெத்த அப்பன் பொய் சொல்றாரா?" என்றார் வரதன். "நல்லா பட்ச்சிக்கீற, போ."

பரந்தாமன் மாலையைச் சரிசெய்வதுபோல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரோட்டுக்கு வந்ததும் நைனாவை மறித்தேன். வரப்பை வெட்டச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"மொதலாளி தொறன்னாரு, தொறந்தேன். நெலத்துல எத்தினி வாட்டி தொறந்துக்கீறேன், ஏன்னு கேட்டுக்கீறேனா? அவுரு மூஞ்சிக்கு நேரா அவுருதான்னு எப்டிம்மா சொல்றது?"

"என் மூஞ்சிக்கு நேரா சொன்னியே."

"நீ என் பொண்ணு. பொறுத்துக்குவே."

கட்டிட வேலை மனோகரன் என்ற வேறொரு கான்ட்ராக்டருக்குப் போனது. அவர் வந்து முதலில் என் தரையைப் பெயர்த்தார். நைனாவைப் பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போட்டார் பரந்தாமன்.

முதல் நாள் காலையில் நைனா சட்டை போட்டுக்கொண்டு, சோறு கட்டித் தரச் சொல்லி என்னிடம் தூக்குச்சட்டியை நீட்டினார். நான் வாங்கவில்லை.  அவரே சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனார்.