முதுகு காட்டிய வசனம்

மூத்தவருக்கு வசனம் மனதில் நிற்காது. தானே எழுதிய வசனமாக இருந்தாலும் நிற்காது. அதனால் மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் முக்காலி போட்டு, நோட்டும் கையுமாகத் தம்பி மனைவி உட்கார வேண்டும். அவள் கிசுகிசுப்பாள், அவர் கர்ஜிப்பார். ஒரு மாத ஒத்திகையில் அவள் குரல் இல்லாமல் அவர் ஒரு வரி தாண்டியதில்லை.

நாடகம் அவர்கள் வீட்டுக் கதைதான். தாத்தா பட்டாளம், அப்பா பட்டாளம், பிள்ளைகள் இரண்டும் பட்டாளம். மூத்தவர் அங்கே கிடங்கில் கம்பளி விநியோகித்தவர். தெருவில் அவருக்குத் 'தளபதி' என்று பெயர். சண்டையில் நின்றது தம்பிதான். குண்டு வெடித்து இரண்டு காதும் போய், டாக்டர் சீட்டோடு பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சீட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது.

கடைசிக் காட்சியில் அந்தத் தம்பியைப் பற்றி மூத்தவர் எழுதியிருந்தது இதுதான்: "என் கண்ணால் பார்த்தேன். முதுகு காட்டி ஓடினான்."

அதை எடுத்துவிடச் சொல்லி அவள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒரு நாள் சிரித்தார். இன்னொரு நாள், பட்டாளத்தைப் பற்றி அடுப்படிக்கு என்ன தெரியும் என்றார். நாடகத்தன்று மாலை, மீசை ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் அந்தச் சீட்டையே கொண்டுபோய் நீட்டினாள்.

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எல்லாரும் வீரன்னா ஜனம் கொட்டாவி விடும். ஒருத்தன் ஓடியே ஆகணும். அவனுக்குத்தான் காது கேக்காதே, உனக்கென்ன வந்துச்சு?"

"காது கேக்காது அத்தான். உதட்டப் பாத்தே படிச்சிருவாரு. முன்வரிசையிலதான் உக்காந்திருக்காரு."

"படிக்கட்டும். இத்தன வருஷம் என் வீட்டுச் சோத்தத் தின்னவன்தானே."

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முக்காலிக்குப் போனாள்.

தாத்தா காட்சிக்கும் அப்பா காட்சிக்கும் வரிக்கு வரி எடுத்துக் கொடுத்தாள். கைதட்டலுக்குக் குறைச்சலில்லை. கடைசிக் காட்சியில் மூத்தவர் மேடை நடுவில் வந்து நின்று மார்பை நிமிர்த்தினார்.

"என் தம்பி..." என்றார். வழக்கம்போல் தட்டியின் பக்கம் காதைச் சாய்த்தார்.

அவள் நோட்டை மூடினாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் "என் தம்பி..." என்றார். சபையில் யாரோ இருமினார்கள். ஏதோ யோசிப்பவர்போல நடந்து தட்டியருகே வந்து, பல்லைக் கடித்தார்.

"எடுத்துக் குடு, மூதேவி."

"கண்ணால பாத்ததுன்னு எழுதியிருக்கீங்களே அத்தான். நீங்களே சொல்லுங்க."

அவர் திரும்பவும் நடுவுக்குப் போனார். வியர்வையில் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுத்துவிடட்டுமா என்று ஜாடை காட்டினார்.

"நிக்கட்டும்," என்றாள்.

தட்டியின் இடுக்கில் முன்வரிசை தெரிந்தது. அவள் கணவர் கழுத்தை நீட்டி, அண்ணனின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை திறந்திருந்தன, அசையவில்லை.