ஏழாவது தட்டு

கைப்பேசி அலறிய அலறலில் முன்னால் பிடித்திருந்தவரின் கை நழுவியது.

ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து அம்மாவை இறக்கி, குறுகலான வாசலில் ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி பாய்ந்து வந்து தன் அக்காவின் காலைத் தாங்கிப் பிடித்தாள்.

“அதை அணைச்சுத் தொலையேம்மா!” என்றார் பெரியப்பா.

மகள் அணைத்தாள். ‘பதினொரு மணி. தட்டுகளுக்குச் சாயம்.’ மூன்று வாரத்துக்கு முன் அவளே போட்டு வைத்த நினைவூட்டல். அப்போது அம்மா தலையணையில் சாய்ந்து உட்காரும் நிலையில் இருந்தாள்.

“செத்த வீட்லயும் உனக்கு லேப்தானா?” என்றாள் சித்தி. அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தினார்கள். மதியம் இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மகள் சமையலறைக்குள் போய்த் தன்னோடு வேலை பார்க்கும் தோழியை அழைத்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் லேபில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

“நீயே சாயம் ஊத்தி எண்ணிடு.”

“பைத்தியமாடி உனக்கு? அம்மா அங்க கிடக்கறாங்க. நாளைக்கு எண்ணினா ஓடியா போகும்?”

“நாளைக்கு சித்தி வேலைக்குப் போயிடுவா.”

“சரி, வை,” என்றாள் பூதக்கண்ணாடி.

அம்மாவும் சித்தியும் ஒரே ரப்பர் பட்டறையில் வேலை பார்த்தார்கள். குழாய்களை வேகவைக்கும் அடுப்பின் வாயில் நின்று, சுடச்சுட உருவி எடுப்பது அம்மாவின் வேலை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புகையில் நைட்ரோசமீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் என்று ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ கிளப்பிவிட, பெண்கள் அடுப்புப் பக்கம் போகமாட்டோம் என்று வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். “எம்பொண்ணு லேப்ல இருக்கா. அவ பார்த்துச் சொல்லட்டும்,” என்றாள் அம்மா.

மகள் அப்போதுதான் லேபில் சேர்ந்திருந்தாள். அடுப்படிக் காற்றை வடிகட்டிப் பிடித்துக்கொண்டு போய், தட்டில் வளர்த்த வெள்ளெலிச் செல்கள்மேல் விட்டாள். ஒரு வாரம் கழித்து அந்தச் செல்களை ஒரு விஷ மருந்தில் போட வேண்டும். சாதாரணச் செல்கள் அதில் செத்துவிடும். குறிப்பிட்ட ஒரு மரபணு மாறிப்போன செல் மட்டும் பிழைத்து, கூட்டமாகப் பெருகும். சாயம் ஊற்றினால் நீலப் புள்ளியாகத் தெரியும்.

அன்று புள்ளிகளே இல்லை. ‘பாதிப்பு காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டறைச் சுவரில் அந்தத் தாளை ஒட்டினார்கள். பெண்கள் அடுப்புக்குத் திரும்பினார்கள்.

ஆனால் நைட்ரோசமீன் வந்த உடனே கடிக்காது. உடம்புக்குள் கல்லீரல்தான் அதை விஷமாக மாற்றும். தட்டில் கிடக்கும் செல்லுக்கு ஏது கல்லீரல்? அதனால் எலியின் கல்லீரல் சாற்றைக் கலந்துதான் சோதிக்க வேண்டும். அன்றைக்கு லேபில் சாறு தீர்ந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று நினைத்து, அவள் சாறு இல்லாமலே பார்த்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் அம்மாவுக்கு முற்றிய கட்டி என்று தெரிந்ததும், புகையாலா என்று டாக்டரிடம் கேட்டாள். “இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா,” என்றார். அந்த வாரமே புதிதாகக் காற்றைப் பிடித்து எட்டுத் தட்டுகள் வைத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். பட்டறை சூப்பர்வைசர் நாலைந்து பெண்களோடு உள்ளே வந்தார். அம்மாவின் காலடியில் நின்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

“பத்து ஆள் வேலையை ஒத்தை ஆளாப் பார்ப்பாங்க,” என்றார். பிறகு சித்தியின் பக்கம் குனிந்து, “அடுப்பு வாய்க்கு ஆளில்ல. உங்கக்கா இடத்துல நீங்களே நின்னுடுங்க. வேற யாரையும் நிறுத்த மனசு வரல,” என்றார்.

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நாளைக்கே வந்துடறேன். இங்க சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.”

“சித்தி, ரெண்டு நாள் போகட்டுமே,” என்றாள் மகள்.

“ரெண்டு நாள்ல எங்கக்கா எழுந்து வரப்போறாளா?”

போன் அதிர்ந்தது. மகள் சமையலறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள்.

“எண்ணிட்டேன்,” என்றாள் பூதக்கண்ணாடி. அவளுக்குத் தட்டின் எண் மட்டும்தான் தெரியும். எதில் என்ன இருக்கிறது என்பது மகளுக்கு மட்டுமே தெரியும். “ஒண்ணுல ரெண்டு புள்ளி. ரெண்டுல... முப்பத்தி நாலு.”

ஒற்றைப்படைத் தட்டில் வெறும் புகை. இரட்டைப்படையில் புகையோடு சாறு.

“மூணுல ஒண்ணு. நாலுல நாப்பத்தி ஒண்ணு. அஞ்சு காலி. ஆறுல முப்பத்தி எட்டு.”

ஏழும் எட்டும் மட்டும் வேறு. அவற்றில் புகையே கிடையாது, சாறு மட்டும்தான். அவற்றிலும் புள்ளிகள் மொய்த்திருந்தால் கோளாறு சாற்றில். சோதனை செல்லாது. இன்றைக்கு வாயைத் திறக்க வேண்டாம்.

“ஏழு?”

“இரு, தட்டு ஓரத்துல என்னமோ இருக்கு. இன்னொரு தடவை பார்த்துக்கறேன்.”

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மகள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். நிறைய இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதை உணர்ந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சாயக் கறைதான். ஏழுல ஒண்ணே ஒண்ணு. எட்டுல ரெண்டு. என்னடி, லைன்ல இருக்கியா?”

அவள் போனை வைத்தாள்.

கூடத்தில் சூப்பர்வைசர் கிளம்ப எழுந்திருந்தார். மகளைப் பார்த்ததும் கைகூப்பினார். “தைரியமா இரும்மா. நீ எழுதிக் குடுத்த தாளை இன்னும் பத்திரமா வச்சிருக்கோம். புதுசா வர்ற பொண்ணுங்க பயந்தா அதைத்தான் காட்டறது.”

“அதைக் கிழிச்சுடுங்க,” என்றாள் மகள்.

அவர் சரியாகக் கேட்காதவர்போல் பார்த்தார்.

“அந்தச் சோதனை தப்பு. சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமப் பார்த்துட்டேன். இப்ப ஒழுங்கா வச்சுப் பார்த்ததுல செல்லெல்லாம் மாறுது. அந்தப் புகைக்கு முன்னால இனிமே யாரும் நிக்கக் கூடாது. சித்தி, நீ போகாதே.”

அழுகைச் சத்தம் நின்றது. பட்டறைப் பெண்களில் ஒருத்தி தன் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இப்பப் போய் இதெல்லாம்...” என்று இழுத்த சூப்பர்வைசர், அவள் கையிலிருந்த போனைப் பார்த்துப் பெரியப்பாவிடம் குரலைத் தணித்தார். “பாவம், இப்பத்தான் லேப்லேர்ந்து சொல்லியிருக்காங்க போல. இந்தப் பொண்ணுக்கு மட்டும் முன்னாடியே எப்படித் தெரியும்?”

பெரியப்பா தலையசைத்தார். எல்லா முகத்திலும் ஓர் இரக்கம் படர்ந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சித்தி மட்டும் இரக்கப்படவில்லை. அக்காவின் தலைமாட்டிலிருந்து எழுந்து, நேரே வந்து மகளின் எதிரில் நின்றாள்.

“சேர்க்காதது தப்புன்னு எப்போடி தெரிஞ்சது உனக்கு?”

மகள் தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“தாளைச் சுவத்துல ஒட்டின மறுவாரமே தெரியும், சித்தி.”