முகத்தில் விழுந்த ஈர விரிப்பு

மனிதவளத்துக்கென்று தனியாக ஓர் ஆளை எடுக்கலாம் என்று அக்கா சொன்னபோது சின்னவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நாம துவைக்கிறது பெட்ஷீட், அக்கா. இதுக்கு எதுக்குச் சட்டம் தெரிஞ்ச ஆளு?”

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சலவைக்கூடம் அது. ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வண்டி வண்டியாக அழுக்குத்துணி வந்து இறங்கும். வெளுத்து, ரோலரில் தேய்த்து, மடித்துத் திரும்ப அனுப்ப வேண்டும். கூடத்தை ஓட்டுவது சின்னவர். அலுவலகமும் வாடிக்கையாளர்களும் அக்காவின் பொறுப்பு. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும், வயதில் மூத்த கொதிகலன்காரருக்கும்கூட, அவர் அக்காதான்.

சிரித்தாலும் சின்னவர் தடுக்கவில்லை. ஆள் வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார். மேசைக்கு எதிரே உட்காராமல், பேச வருபவரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். எந்த அவசரத்திலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது “கொஞ்சம் பொறுங்க” என்பதுதான். வந்த வாரமே பட்டப்பெயர் விழுந்துவிட்டது: பொறுங்க மேடம்.

மேற்பார்வையாளருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவர் சின்னவருடைய மனைவியின் தம்பி. சின்னவர் “மச்சான், மச்சான்” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேர்த்து, கூடமே அவரை ‘மச்சான் சார்’ ஆக்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதையே பதவியின் பெயர் என்று நினைத்து, விடுப்பு விண்ணப்பத்தில் ‘உயர்திரு மச்சான் அவர்களுக்கு’ என்று எழுதிக் கொடுத்ததும் உண்டு.

மச்சான் சார் கெட்டவர் இல்லை. வேலை என்று வந்துவிட்டால் கண்மண் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெரிய ஓட்டல் ஒன்றின் துணி மதியத்துக்குள் போயாக வேண்டும். ரோலரின் முன்பக்கம் நின்று விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே விடுகிறவள் சிட்டு. ஆள் சின்னது, கை வேகம். அதனால் அந்தப் பெயர். பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கைக்குழந்தையை அவளுடைய மாமியார் வீட்டில் பார்த்துக்கொண்டார். பால் கட்டிக்கொண்டால் மார்பு கல்லாகக் கனக்கும். நடுவில் ஒருமுறையாவது போய்ப் பாலை எடுத்துவிட்டு வந்தால்தான் நிற்க முடியும்.

காலையில் கேட்டாள். “அப்புறம்” என்றார் மச்சான் சார். மறுபடி கேட்டாள். அப்போது அவர் கையில் தொலைபேசி, அதில் ஓட்டல்காரர் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலை அப்படியே திருப்பி இவள்மேல் கொட்டினார்.

“இது சலவைக்கூடம்மா, மாட்டுத் தொழுவம் இல்ல!”

நீராவி இரைச்சலையும் மீறி அது எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த நொடி, சிட்டுவின் கையிலிருந்த ஈர விரிப்பு மச்சான் சாரின் முகத்தில் அறைந்து தலையோடு சுற்றிக்கொண்டது. அவர் கைகளைத் துழாவிக்கொண்டு போய்த் தள்ளுவண்டியில் முட்டி, அதிலிருந்த துண்டுகளின்மேலேயே உட்கார்ந்தார். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். விரிப்பைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது.

சின்னவர் ஓடி வந்தார். “வெளிய போ! இந்த நிமிஷமே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போ!”

சிட்டு தலையுறையைக் கழற்றினாள். அதற்குள் பொறுங்க மேடம் வந்துவிட்டார்.

“கொஞ்சம் பொறுங்க சார்.”

“என்னத்தப் பொறுக்கிறது? நானே பார்த்தேன், துணி அவன் தலையில கிடந்துச்சு.”

“தலையில கிடந்ததைப் பார்த்தீங்க. அதுக்கு முன்னாடி நடந்ததை நீங்க பார்க்கல, நானும் பார்க்கல. சிட்டு இன்னைக்கு வீட்டுக்குப் போகட்டும், சம்பளத்தோட. கேக்க வேண்டியதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்.”

“என் கம்பெனி. என் ஆளு.”

“உங்க கம்பெனிதான் சார். அதனாலதான் சொல்றேன். கோபத்துல நீக்கிட்டு, நாளைக்குக் காரணம் தேடினா அகப்படாது.”

சின்னவர் அக்காவைப் பார்த்தார். “விடுடா, கேக்கட்டும்” என்றார் அக்கா.

மறுநாள் சிட்டுவுக்கு ஒரு பக்கக் கடிதம் போனது. அவள்மேல் என்ன குற்றச்சாட்டு, எப்போது வந்து பேச வேண்டும், துணைக்குத் தன் கூட வேலை செய்கிற ஒருவரை அழைத்து வரலாம் என்பதெல்லாம் சாதாரணத் தமிழில் இருந்தது. அதே மாதிரி ஒன்று மச்சான் சாருக்கும் போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

“அடி வாங்கினது நான். எனக்கும் கடிதமா? இது என்ன மேடம் நியாயம்?”

“நீங்க ஏதோ சொன்னதா ரெண்டு பேர் சொல்றாங்க. அவங்க சொல்றதை மட்டும் கேட்டு எழுதிட்டா உங்களுக்கு அநியாயம் ஆயிடும் இல்லையா? உங்க பக்கத்தை நீங்களே சொல்லணும். நீங்களும் ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு வரலாம்.”

விசாரணைக்கு அவர் கொதிகலன்காரரைத் துணைக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெரியவர் விசாரணை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல், மச்சான் சாருக்கு இருமல் வந்தபோதெல்லாம் தண்ணீரை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

குறிப்பெடுக்க அக்கா ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக இப்படி ஒன்றைப் பார்க்கிறார். பொறுங்க மேடம் குறுக்குக் கேள்வி எதுவும் போடவில்லை. யாரையும் மடக்கவில்லை. “அப்புறம்?” “அப்போ நீங்க எங்க நின்னீங்க?” இவ்வளவுதான். சிட்டுவிடமும் அதே குரல், மச்சான் சாரிடமும் அதே குரல்.

சிட்டு முதலில் வந்தாள். கூட, ரோலரின் மறுமுனையில் மடிக்கிறவள்.

“துணியை எறிஞ்சது தப்புதான் மேடம். அதுக்கு நான் சாக்குச் சொல்லல. கை தானாப் போயிடுச்சு.” விரல் நகத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தாள். “அவர் சொல்லும்போது ரவிக்கை நனைஞ்சு போயிருந்துச்சு. ஆம்பளைங்க எல்லாம் இருந்தாங்க. ரெண்டு கையிலயும் துணி, மறைச்சுக்கக்கூட முடியல.”

மடிக்கிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவின் பேனா அப்படியே நின்றது. பொறுங்க மேடம் மட்டும் அசையாமல் காத்திருந்து, “இதை இப்படியே எழுதிக்கலாமா? இல்ல வேற மாதிரி எழுதணுமா?” என்று கேட்டார்.

“இப்படியே எழுதுங்க” என்றாள் சிட்டு.

அடுத்து மச்சான் சார். “நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல. வேலையைப் பாருன்னேன்.”

“நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்றீங்களா?”

அவர் சொல்ல ஆரம்பித்தார். “இது சலவைக்கூடம்மா...” என்று பாதியில் நின்றார். நீராவி இரைச்சல் இல்லாத அந்த அலுவலக அறையில், தன் வாயிலிருந்தே அதைக் கேட்பது அவருக்கு வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். மீதியை மெல்லச் சொல்லி முடித்தார். கொதிகலன்காரர் இந்தமுறை தண்ணீரை நகர்த்தவில்லை.

பிறகு மச்சான் சார் தலையை நிமிர்த்தினார். “சொன்னது தப்பு. ஆனா ஒண்ணு கேக்கறேன் மேடம். பால் குடுக்கிற தாய்க்கு இடைவேளை விட்டே ஆகணும்னு சட்டம் இருக்குன்னு இப்போ கடிதத்துல எழுதியிருக்கீங்க. எனக்கு அதை யார் சொன்னா?”

பொறுங்க மேடம் தன் முன்னாலிருந்த தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கவிழ்த்து வைத்தார். “யாரும் சொல்லல. இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம் சார்.”

எல்லோரும் போனபின் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, இனிமே இதை நான் நடத்தக் கூடாது.”

“ஏன், நல்லாத்தானே போகுது?”

“சிட்டு திரும்பி வந்த அன்னைக்கு, உங்களுக்கு இடைவேளை உண்டுன்னு அவங்ககிட்டச் சொன்னேன். மேற்பார்வையாளர்கிட்டச் சொல்லல. அறிவிப்புப் பலகையில ஒட்டினேன், அதோட கடமை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். கூடத்துல யாருக்கு அந்தப் பலகையைப் பார்க்க நேரம் இருக்கு? இதுல என் தப்பும் இருக்கு. என் தப்பை நானே விசாரிச்சு நானே முடிவு எழுதினா, யார் நம்புவாங்க?”

“அது சின்ன விஷயம். விட்டுடு.”

“விடக் கூடாது அக்கா. அதையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணணும். உங்க தம்பியாலயும் பண்ண முடியாது, அவர் நடந்த அன்னைக்கே தீர்ப்புச் சொல்லிட்டாரு. நீங்கதான் பண்ணணும்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு செய்தவர்கள் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிப்பதைத்தான் அவர் தொழிலில் இத்தனை காலம் பார்த்திருக்கிறார். யாரும் கேட்காமலே ஒருத்தி தன்னைத் தானே பட்டியலில் சேர்த்துக்கொள்வதை இப்போதுதான் பார்க்கிறார். இந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தது தான்தான் என்று மனதுக்குள் ஒரு சின்னக் கர்வம் எட்டிப் பார்த்தது.

அன்று மாலையே சின்னவரின் மனைவி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“அண்ணி, ஊரெல்லாம் பார்க்க ஈரத்துணியால அடி வாங்கியிருக்கான் என் தம்பி. அவனுக்குக் கடிதம், விசாரணையாம். உங்க தம்பியா இருந்தா இப்படி விடுவீங்களா?”

அக்கா அவளைப் பேசவிட்டார். தண்ணீர் கொடுத்தார். அவள் மூச்சு வாங்கியபோது, “அவன் என்ன சொன்னான்னு உன்கிட்டச் சொன்னானா?” என்று கேட்டார்.

“ஏதோ திட்டினேன்னான்.”

அக்கா சொன்னார். இரண்டு பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்தவள் அவள். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்படியா சொன்னான்?”

“அவனே ஒத்துக்கிட்டான்.”

“வீட்டுக்கு வரட்டும்” என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆனால் சின்னவர் அவ்வளவு லேசில் மசியவில்லை. “மச்சானைக் கண்டிச்சுக்க. அது வேற. மேற்பார்வையாளர் மேல துணியை எறிஞ்சவளை வெச்சுக்கிட்டா, நாளைக்கு எல்லாரும் எறிவாங்க.”

பொறுங்க மேடம் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்: இதற்கு முன் இங்கே இப்படி எதுவும் நடந்திருக்கிறதா, அப்போது என்ன செய்தோம்? அக்கா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, நம்ம வண்டி டிரைவர், சுமை ஏத்துறவர் மேல ஒரு கட்டு ஹேங்கரைத் தூக்கி வீசினானே. நெத்தியில தையல் போட்டாங்க. அவனை என்ன பண்ணின?”

“அது... எச்சரிக்கை குடுத்தேன். அவன் நல்ல வேலைக்காரன். கோபக்கார ஆம்பளை, தெரியாமப் பண்ணிட்டான்.”

“இவளும் நல்ல வேலைக்காரிதான். கோபத்துல ஆம்பளைக் கோபம், பொம்பளைக் கோபம்னு தனித்தனியா இருக்கா? ஹேங்கருக்கு எச்சரிக்கை, ஈரத்துணிக்கு வேலை போகுமா? நாளைக்கு யாராவது நம்மளைக் கேட்டா என்னடா சொல்லுவ?”

சின்னவர் மோவாயைச் சொறிந்தார். கடைசியில், “நீயே எழுது. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

அக்கா எழுதினார். துணியை எறிந்ததற்குச் சிட்டுவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. வேலை அப்படியே தொடரும். சொன்ன சொல்லுக்கும், இடைவேளை மறுத்ததற்கும் மச்சான் சாருக்கு எச்சரிக்கை. இருவருக்கும், முடிவு பிடிக்காவிட்டால் சின்னவரிடமும் இல்லாமல் அக்காவிடமும் இல்லாமல், நிறுவனத்தின் கணக்குத் தணிக்கையாளரிடம் முறையிடலாம் என்று ஒரு வரி. கூடத்தின் ஓரத்திலிருந்த சின்ன அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் பொருத்தச் சொல்லி, சிட்டுவுக்கும் இனி வரும் தாய்மாருக்கும் ஒதுக்கினார். கடைசியாக, அறிவிப்பைச் சேர்க்க வேண்டியவர்களிடம் சேர்க்காததற்கு மனிதவள அலுவலருக்கு ஒரு குறிப்பு. அதை எழுத அக்காவுக்குக் கை வரவில்லை. பொறுங்க மேடம்தான், “எழுதுங்க அக்கா, இல்லேன்னா மத்த ரெண்டுக்கும் மதிப்பு இருக்காது” என்று பக்கத்திலேயே நின்றார்.

சிட்டு தன் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு ரோலரைச் சுற்றிக்கொண்டு மச்சான் சாரிடம் போனாள். “துணியை எறிஞ்சிருக்கக் கூடாது சார்.”

அவர் தரையைப் பார்த்தார். “நானும்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. வீட்டுல எங்க அக்கா என்கிட்டப் பேசியே ரெண்டு நாளாச்சு.”

முறையிட யாரும் போகவில்லை.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுங்க மேடம் பேசினார். யாருக்கு என்ன விடுப்பு, யாருக்கு என்ன இடைவேளை, யாரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கவே கூடாது என்றெல்லாம். முன்வரிசையில் மச்சான் சார். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பொறுங்க மேடத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசலில் நின்று பார்த்த சின்னவர், “இவன் பள்ளிக்கூடத்துலயே இப்படிக் கேட்டிருந்தா எங்கேயோ போயிருப்பான்” என்று அக்காவின் காதில் சொன்னார். சற்று நின்று, “நல்ல ஆளைத்தான் எடுத்திருக்க” என்றும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரம்மா, சட்டையின் முன்பக்கத்தில் ஊசிகளைக் குத்தி வைத்தபடி வந்து நின்றார். அந்தச் சின்ன அறையில்தான் அதுவரை அவருடைய தையல் இயந்திரம் இருந்தது. இப்போது அது நடைபாதையில், வருகிறவர் போகிறவர் காலில் இடறிக்கொண்டு கிடக்கிறது.

“பிள்ளைக்காரிக்குக் குடுத்தது சரிதான் மேடம். நான் அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அக்காவும் பொறுங்க மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுங்க மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிய தொண்டையோடு, “இல்லம்மா, கேக்கல” என்றார். மடக்கிய நாற்காலிகளில் இரண்டைத் திரும்ப விரித்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.