முத்தனதொட்டி எல்லைக்கல்

பாகலூருக்கு வடக்கே, முத்தனதொட்டியில் நட்டிருந்த எல்லைக்கல் 1988 ஆவணியில் முதன்முதலாக நடந்தது. தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் பிரிக்கிற சர்க்கார் கல் அது. இடுப்பளவு உயரம், நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கனம். காலையில் கல்குழிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓசூரிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசரின் ஜீப் வந்து நின்றபோது இந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாதப்பன் அது போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவசரமே இல்லாமல், சந்தைக்குப் போகிறவர் மாதிரி போனதாம்.

ஓசூரில் மழைக்கு முளைக்கிற காளானாகக் கம்பெனிகள் முளைத்த காலம். இரும்புச் சாமானுக்கு முலாம் பூசும் ஒரு கம்பெனி, மிஞ்சிய மஞ்சள் சேற்றைப் பேரலில் அடைத்து, லாரியில் கொண்டுவந்து, அந்தக் கைவிட்ட கல்குழியில் உருட்டிவிட்டுப் போகும். குழியை ஒட்டிய ராகிக் கொல்லையும் அதிலிருந்த வீடும் நஞ்சம்மாவுடையவை. மகன் கையில் எதுவும் தங்காது என்று மாமனார் மருமகள் பேருக்கே எழுதிவைத்திருந்தார். அவள் கிணற்றுத் தண்ணீர் முதலில் மஞ்சளாச்சு. அப்புறம் கன்றுக்குட்டி நுரை தள்ளிச் செத்தது. அப்புறம் நாலு வயது மகள் முனிலட்சுமியின் பாதத்தில் புண் வந்து, ஆறாமல் குழி விழுந்தது. புருசன் ஆஞ்சப்பனுக்கு வேலையோ அதே கம்பெனியில். "கம்முனு கெடமே! நீ வாயத் தொறந்தா எனக்கு வேலை போயிடும்" என்றான். பாவி, அவனுக்கும் பயம்தான்.

அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு ஊர் ஓரத்தில் ஒரு கல் நின்றால் போதும், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சேவல் அறுத்துவிடுவார்கள். அதில் சர்க்கார் நம்பர் எழுதியிருந்தால் என்ன, எல்லையைக் காக்கிற கல்தானே! ஊரார் ஆபீசுக்கு மனு கொடுத்த கையோடு, நஞ்சம்மா சேவலோடு கல்லிடம் போனாள். "சாமி, இந்தக் கருமத்த எங்க எல்லைக்குள்ள இருக்க வுடாத" என்று வேண்டிக்கொண்டாள். குழியைக் காலி பண்ணு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்லுக்குப் பேரல் தூக்கக் கை ஏது? நடக்க மட்டும்தான் முடிந்தது. நடந்து, குழியை கர்நாடகத்தில் விட்டது.

ஆபீசர் நல்ல மனுஷர். குழந்தையின் காலைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. "நான் என்னம்மா பண்றது? என் சட்டம் இந்தக் கல்லு வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார். சரி, அந்தப் பக்கத்து ஆபீசராவது வருவார் என்றால், அந்தப் பக்கத்து ஜனங்கள் சும்மா இருந்தார்களா? அவர்களும் சேவல் அறுத்து, கன்னடத்தில் அதே வேண்டுதலை வைத்திருந்தார்கள். கல்லுக்கு பாஷை பேதம் கிடையாது. பெங்களூர் ஜீப் வந்த அன்று திரும்ப அந்தப் பக்கம் போய் நின்றது. "ஈ ஜாக நம்தல்லம்மா" என்று, இடம் தங்களுடையதல்ல என அந்த ஆபீசரும் கையை விரித்தார். இப்படியே இரண்டு வருஷம் கல் போவதும் வருவதுமாக இருந்தது. தடத்தில் புல் முளைக்கவில்லை. லாரி மட்டும் எந்த ஆபீசரும் வராத நாளாகப் பார்த்து ஒழுங்காக வந்தது.

இதற்கிடையில் ஆபத்தான கழிவுக்கென்று டில்லியில் தனிச் சட்டமே போட்டார்கள். கழிவு எவர் வசம் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்றது சட்டம். நஞ்சம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. குழந்தையின் புண் கணுக்காலுக்கு ஏறியது தெரியும். இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கால் தாங்காது என்பதும் தெரியும். எந்த ஊரும் தனதில்லை என்று சொன்னால் எந்த ஆபீசர்தான் கை வைப்பார் என்று யோசித்தாள். ஊரார் கேட்டால் அடிக்க வருவார்கள் என்ற நடுக்கத்தோடு கல்லிடம் போய், "சாமி, எங்கயும் வேணாம், அது என் எல்லைக்குள்ளயே இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

மறுநாள் கல் குழியை அவள் கொல்லையோடு சேர்த்து வளைத்துச் சுற்றிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றது. அப்புறம் அசையவே இல்லை. ஓசூர் ஜீப் வந்தது. ஆபீசர் முகத்தில் சந்தோஷம். சர்வேயர் கல் நடந்த தடத்தையே எல்லையாக வைத்துச் சங்கிலி போட்டு அளந்தார். குழி, பேரல், சேறு எல்லாம் சுத்தமாகத் தமிழ்நாட்டில் இருந்தன. அதோடு நிற்காமல், நஞ்சம்மாவின் பட்டாவுக்குள்ளேயே இருந்தன. பேரலில் கம்பெனிப் பேர் எழுதிய பெயின்ட் உரிந்துபோயிருந்ததால், அது தங்களுடையதே இல்லை என்று கம்பெனி சத்தியம் பண்ணியது. ஆபீசருக்கு முகம் செத்துவிட்டது. "ஏம்மா, இடம் உங்களுதுன்னா கழிவும் உங்களுதுதான். நீங்கதான் எடுத்தாகணும், இல்லன்னா கேஸு" என்று, அவள் பேருக்கே நோட்டீசை நீட்டினார். வேண்டியதைக் கல் ஒரு இம்மி பிசகாமல் கொடுத்திருந்தது.

ஊர் இதற்கும் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தரம் சர்க்கார் ஆள் வந்து, கல் நின்ற இடத்திலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனான். சேவல் கொண்டுவருகிறவர்களும் குறையவில்லை. நஞ்சம்மா மட்டும் பாகலூர்க் குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போதெல்லாம், உதட்டை இறுக்கிக்கொண்டு அதைத் தாண்டுவாள். மனசில் ஒன்றும் நினைத்துவிடக் கூடாதே என்று பயம்.

ஒரு நாள் அவள் குடத்தோடு வந்தபோது, முனிலட்சுமி விந்தி விந்திப் போய்க் கல்லின் முன்னால் நின்றிருந்தாள். ஊரார் கும்பிடுகிற மாதிரியே கை குவித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "சாமி, என் காலு இனிமே..." என்று ஆரம்பித்தாள்.

நஞ்சம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், மகளின் வாயைப் பொத்தினாள். வலிக்கக் கூடாது என்று கேட்கப்போகிறாள். வலிக்காத காலை அது எப்படித் தரும்? காலே இல்லாமல் போனாலும் வலிக்காதுதானே. பொத்திய கையை எடுக்காமல் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளியே கல் காத்துக்கொண்டு நின்றது.