வண்டியைச் சுற்றி ஒரு நடை

பள்ளி வேன் ஓட்டும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறும் முன் அதை ஒருமுறை சுற்றி வருவேன். டயரைப் பார்ப்பேன், கண்ணாடியைத் துடைப்பேன், குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்ப்பேன். பிள்ளைகளும் ரயில் பெட்டி மாதிரி கோர்த்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றும். எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

வினையும் அதனால்தான் வந்தது. பிள்ளைகள் இதை வீட்டிலும் ஆரம்பித்துவிட்டன. "அப்பா, பெல்ட்டு." "அம்மா, போனை உள்ள வைங்க." அப்பாக்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். அதில் முதல் ஆள் துணிக்கடைக்காரர். அவர் சுற்றிப் பார்க்காவிட்டால் மகள் காரில் ஏறவே மாட்டாளாம்.

தலைமை ஆசிரியை அறையில் பெற்றோர் கூட்டம் கூடியது. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"மேடம், என் பொண்ணு இங்க படிக்க வர்றாளா, டிராஃபிக் போலீஸ் வேலைக்கு வர்றாளா?" என்றார் துணிக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். "தெருவே என்னைப் பாத்துச் சிரிக்குது. இந்தம்மாவ மாத்துங்க. இல்லன்னா நாங்க வேற வேன் பாத்துக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் சார். என் வண்டில வந்த பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? சொல்லுங்க!"

தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்க்காமல், "திங்கக்கிழமையில இருந்து வேற டிரைவர் போட்டுடலாம்" என்றார். சாவியை மேசை மேல் வைத்தேன். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் எனக்குப் பொழுதும் விடியாது.

வெளியே வந்தேன். துணிக்கடைக்காரர் அதற்குள் காரில் ஏறி இன்ஜினைக் கிளப்பியிருந்தார். அவர் மனைவி கேட்டருகே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"ஏறுடி."

"சுத்திட்டு வாங்கப்பா."

"அதான் அந்தம்மாவையே அனுப்பியாச்சே!"

"அதனால என்ன? நீங்க சுத்துங்க."

கூட்டம் முடிந்து வந்த பெற்றோர் எல்லார் கண்ணும் அவர் மேல். பல்லைக் கடித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தி இறங்கினார். முன் டயரை உதைக்காத குறையாகப் பார்த்தார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின் சக்கரத்தை ஒட்டி அவருடைய சின்ன மகன் குந்தியிருந்தான். நடக்கப் பழகி அதிக நாள் ஆகாத குழந்தை. அம்மா பேசிக்கொண்டிருந்தபோது கையிலிருந்து நழுவி வந்திருக்கிறான். டயரில் சிக்கிய கல்லை மும்முரமாக நோண்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா, கல்லு" என்றான்.

துணிக்கடைக்காரர் அவனை வாரி எடுத்தார். அவனைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தார். சொல்லிக்காட்ட என் நாக்கு துறுதுறுத்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். மகனை இடுப்பில் வைத்தபடியே தலைமை ஆசிரியை அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் என் வேன் சாவி இருந்தது.

"அக்கா, இதப் பிடிங்க" என்றார். அதுவரை நான் 'இந்தம்மா'.

திங்கட்கிழமை காலை வேனைச் சுற்றினேன். பின்னால் பிள்ளைகள், வரிசையின் கடைசியில் தோளில் மகனோடு துணிக்கடைக்காரர். இப்போதும் சும்மா இருக்க நான் என்ன கல்லா?

"லேட்டாகுதே, பரவாயில்லையா சார்?"

"ஆகட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்.