கடைசி நிறுத்தத்தில் மாறிய பலகை

அவருக்கு 'மணிக்கூண்டு' என்று பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஆள் நெடுநெடுவென்று உயரம். அதோடு, அவர் ஓட்டுகிற விரைவுப் பேருந்து கிளம்புவதைப் பார்த்து மற்றவர்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். புறநகரிலிருந்து அலுவலகக்காரர்களை ஏற்றி, நடுவில் எங்கும் நிற்காமல் நகரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதும், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவதும்தான் இத்தனை வருஷமாக அவர் பிழைப்பு. ஏறுகிறவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். தூங்குவார்கள், தானே எழுந்துகொள்வார்கள், இறங்கிப் போவார்கள். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

அந்த வருஷம் பள்ளிப் பேருந்துகளுக்குப் பஞ்சம். இருந்த வண்டிக்கும் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. விரைவு வண்டிகள் பகலெல்லாம் பணிமனையில் சும்மாதானே நிற்கின்றன, சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வரட்டுமே என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு பண்ணினார்கள். காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். வண்டிக்குள் ஏறிப் பார்த்தால் அல்லவா தெரியும்? பிள்ளையை முழுசாக மறைத்துவிடுகிற உயரச் சாய்வு இருக்கைகள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யார் என்றே தெரியாத கறுப்புக் கண்ணாடி. இறங்க வேண்டும் என்று அழுத்த ஒரு மணிகூடக் கிடையாது. நிற்காத வண்டிக்கு மணி எதற்கு? பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தித்தான் இறங்கினார்கள்.

"ஏண்டா இப்படிக் கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"மணி இல்லையே தாத்தா."

"யாருடா தாத்தா? தலையில ஒரு முடி நரைச்சிருக்கா பாரு."

"தலையில முடியே இல்லையே."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்.

கடைசி நிறுத்தத்தில் இறங்குவது ஒரே ஒரு பெண் குழந்தை. முதல் வகுப்பு. ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பாள். 'முன்சீட்டம்மா' என்றுதான் அவர் கூப்பிடுவார். அவளுடைய அம்மா நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். சாயங்காலம் இதே வண்டியில், மகள் உட்கார்ந்து வந்த அதே இருக்கையில்தான் வீடு திரும்புவாள். ஏறும்போதே கேட்பாள், "இன்னைக்கு என்ன சொன்னா உங்க முன்சீட்டம்மா?" அவர் சொல்வார். கேட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினால், இறங்குகிற இடத்தில்தான் திறப்பாள். குழந்தையை நிறுத்தத்தில் வந்து கூப்பிட்டுப் போவது அம்மாவின் தங்கை. சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தெரிந்த கையில்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்ப வேண்டாம். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் வண்டியின் நெற்றிப் பலகையில் 'பள்ளி' என்று எழுத்து ஓடும். மறுபக்கம் திருப்பினால் 'விரைவு'. பலகை மாறும்போது வண்டியின் ரேடியோவும் கூடவே மாறும். பள்ளிப் பிரிவு ஒரு அறை, விரைவுப் பிரிவு இன்னொரு அறை. இந்த அறை பேசுவது அந்த அறைக்குக் கேட்காது. இது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். தெரிந்ததையே யார் தினமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

கடைசி நிறுத்தம் வந்ததும் குழந்தையை இறக்கிவிட்டு, பிறகுதான் பலகையை மாற்ற வேண்டும். மணிக்கூண்டோ நிறுத்தத்துக்கு முன்னால் உள்ள வளைவிலேயே திருகைத் திருப்பிவிடுவார். இறங்கப்போவது ஒரே பிள்ளை, கூப்பிட வருகிறவளுக்கு வண்டி தெரியும். கொஞ்ச நேரம் மிச்சம்.

அன்றைக்கும் வளைவில் திருப்பினார். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். சித்தியைக் காணவில்லை.

நிழற்கூரைக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். பேருந்தை ஒரு பார்வை பார்த்தான், வேண்டாத வண்டியை எல்லோரும் அனுப்புகிற மாதிரி கையை ஆட்டிப் 'போங்க, போங்க' என்று காட்டினான். பிறகு கழுத்தை நீட்டி வளைவையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறு ஏதோ வண்டிக்குக் காத்திருக்கிறான் என்று இவர் விட்டுவிட்டார்.

"சித்தி எங்க?" என்றாள் குழந்தை. இருக்கையின் உயரத்துக்கு அவளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

"வருவாங்க தங்கம். உக்காரு."

வரவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. மணிக்கூண்டு ரேடியோவை எடுத்தார்.

"கடைசி ஸ்டாப்ல குழந்தையைக் கூப்பிட ஆள் வரல. என்ன பண்ணட்டும்?"

கரகரவென்று ஒரு பெண் குரல். "குழந்தையா? வண்டியில தனியாவா இருக்கு?"

"ஆமா. அவங்க அம்மா நம்ம ஸ்டாண்டுலதான் ஏறுவாங்க. எனக்குத் தெரிஞ்சவங்க."

"அப்புறம் என்ன? கூட்டிட்டு வாங்க. நேரமாகுது பாருங்க."

அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கேட்டாயிற்று, உத்தரவும் கிடைத்தாயிற்று. சித்தி கையில் கொடுப்பதற்குப் பதிலாகப் பெற்றவள் கையிலேயே கொடுக்கப்போகிறோம், இதைவிட என்ன வேண்டும்? கதவை மூடினார்.

போகிற வழியெல்லாம் குழந்தைக்கு ஒரே குதூகலம். "அம்மாவை நான் பயமுறுத்தப் போறேன். நீங்க சொல்லிடக் கூடாது."

"நான் ஏன் சொல்றேன்?"

"அம்மா நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே. உனக்கு?"

"அது அம்மா ஃபோன்லதான் இருக்கு."

நகரத்து நிலையத்தில் வரிசை வழக்கம்போல நீண்டு நின்றது. கதவைத் திறந்தார். குழந்தை இருக்கைக்குள் சுருண்டு, வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மாவின் நீலப் பை எப்போதும் வரிசையின் முன்பாதியிலேயே தெரியும். முன்பாதி ஏறி முடிந்தது. பின்பாதியும் ஏறியது. நீலப் பை வரவில்லை.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. போனது.

"என்ன சார், மணிக்கூண்டு நின்னு போச்சா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "சாவி கொடுக்கணுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.  கடைசியாக மூச்சிரைக்க ஓடி வந்து ஏறிய பெண்ணை அவருக்குத் தெரியும். குழந்தையின் அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறவள்.

"உங்க கூட வர்றவங்க எங்கம்மா?"

"அதை ஏன் கேக்குறீங்க. பொண்ணைக் காணோம்னு ஃபோன் வந்துச்சு. அப்பவே அலறி அடிச்சுக்கிட்டு டாக்ஸி பிடிச்சு ஓடினா. போலீஸெல்லாம் வந்துட்டாங்களாம். தம்பியை அனுப்பியிருக்கா, அவன் நேரத்துக்குப் போகாம எங்கயோ ஊர் சுத்திட்டு..."

இருக்கையிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. அந்தப் பெண்ணின் பேச்சு அப்படியே நின்றது.

மணிக்கூண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லிவிட்டுத்தானே வந்தோம்? உத்தரவு வாங்கித்தானே வந்தோம்? ரேடியோவை எடுத்தார். "குழந்தை என்கிட்ட இருக்குன்னு அப்பவே சொன்னேனே. வீட்டுக்குச் சொல்லலையா?"

"எந்த வீட்டுக்கு?" என்றது அதே குரல். "யாரோ அம்மாகிட்ட கொடுக்கப் போறேன்னு சொன்னீங்க."

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "நீங்க எந்தப் பிரிவு?"

"இது என்ன கேள்வி? விரைவுப் பிரிவு. காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன்."

அவர் கண் திருகின் மேல் விழுந்தது. அதைத் திருப்பினார். நகரத்து நிலையத்தின் நட்டநடுவில், அலுவலகக்காரர்கள் நிறைந்த வண்டியின் நெற்றியில் 'பள்ளி' என்று எழுத்து ஓடியது. நடைமேடையில் நின்றவர் ஒருவர், "இந்த வயசுல எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீங்களா?" என்றார். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் விஷயம் இருக்கைக்கு இருக்கை பரவிவிட்டது.

பள்ளிப் பிரிவுக்காரர் அழாத குறை. "எங்கேய்யா போனீங்க? எத்தனை தடவை கூப்பிட்டேன்! இன்னைக்குச் சித்திக்குக் காய்ச்சல், மாமா வருவாருன்னு சொல்லத்தான் கடைசி ஸ்டாப் வர்ற நேரத்துல முதல்ல கூப்பிட்டேன். பதிலே இல்ல. குழந்தை?"

"என்கிட்டதான் இருக்கு. நல்லா இருக்கு."

கூட வேலை பார்க்கிற பெண் இதற்குள் அம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். பேச்சில் இருக்கிறது, பேச்சில் இருக்கிறது என்றே வந்தது. பாவம், அவள் ஊரெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒருவழியாக மணி அடித்தது. அந்தப் பெண் ஃபோனைக் குழந்தையின் காதில் வைத்தாள்.

"அம்மா, நான் உன்னைப் பயமுறுத்தலாம்னு வந்தேன். நீ வரவே இல்ல."

அந்தப் பக்கம் எழுந்த சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. அழுகையா, சிரிப்பா, யாருக்கும் புரியவில்லை. குழந்தை மிரண்டுபோய் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வண்டியைக் கிளப்பினார்.  நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டார், "உன் மாமா எப்படி இருப்பார் தங்கம்?"

"சைக்கிள் ரிப்பேர் பண்ணுவாரு. கையெல்லாம் கறுப்பா இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது."

'போங்க, போங்க' என்று ஆட்டிய கை அவர் கண் முன்னால் வந்தது. முழங்கை வரை கறுப்பு. அவன் நேரத்துக்கு வந்துதான் நின்றிருக்கிறான். பள்ளி என்று எழுதிய வண்டிக்காக வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அக்கா மகள் உள்ளே உட்கார்ந்திருந்த வண்டியைத் தன் கையாலேயே அனுப்பிவைத்திருக்கிறான்.

நிறுத்தத்தில் சின்னக் கூட்டம். கதவு திறக்கும் முன்பே அம்மா படியில் கால் வைத்துவிட்டாள். குழந்தையை வாரி எடுத்து, அதன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தம்பிக்காரன் நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ பிடித்து உலுக்கியதில் சட்டைப் பை பாதி கிழிந்து தொங்கியது. அந்த யாரோ அவன் அக்காதான்.

"பார்த்துக்கோ," என்றாள் அவனைப் பார்த்து. "கிடைச்சுட்டா. உன்னால இல்ல."

"நான் இங்கதான் நின்னேன்க்கா."

"நின்னியாம். பஸ் வந்துச்சு, கதவைத் திறந்துச்சு, மூடிச்சுன்னு பஸ் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கு. உன் கண்ணு எங்க மேயப் போயிருந்துச்சு?"

"சத்தியமா நின்னேன்." குரல் உள்ளே போய்விட்டது. தான் நின்றோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வண்டியை விட்டு இறங்கி நின்ற மணிக்கூண்டிடம் போலீஸ்காரர் வந்தார். "கூப்பிட ஆள் வரல, நீங்க ரேடியோவுல சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போனீங்க. உங்க ஆபீஸ்ல பேசிட்டேன். அப்படியே எழுதிடறேன், சரிதானே? நீங்க கிளம்புங்க, ஜனங்க காத்திருக்காங்க."

தலையை ஆட்டினால் போதும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஒரு படி ஏறினார். ஏறின கால் அங்கேயே நின்றது.

"இல்ல சார்," என்றார். "அவர் நின்னார். நான் பார்த்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னார்."

"போகச் சொன்னியா?" அக்காவின் முகம் சிவந்தது. "பிள்ளையை வச்சுக்கிட்டு நிக்கிற பஸ்ஸைப் போகச் சொன்னியா நீ?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. போர்டுல 'விரைவு'ன்னு இருந்துச்சு. குழந்தை இறங்கின பிறகுதான் மாத்தணும். நான் வளைவுலயே மாத்திட்டேன். தினமும் அப்படித்தான் மாத்துறேன். அதனாலதான் ரேடியோவும் வேற ஆளுக்குப் போச்சு. அவர் மேல தப்பே இல்ல."

தம்பி மெதுவாக நிமிர்ந்தான். "பள்ளின்னு எழுதின வண்டி வரும்னு வளைவையே பார்த்துட்டு இருந்தேன்," என்றான், யாரிடம் என்று இல்லாமல். "கண்ணாடியில ஒண்ணும் தெரியல."

"எதுக்கு முன்னாடியே மாத்தினீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"நேரம் மிச்சம் பிடிக்க."

"இதை எழுதினா உங்களை இந்த வண்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"தெரியும் சார். எழுதுங்க."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தினமும் உங்க பின்னாடிதான் உக்காந்து வர்றேன்," என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு."

அவ்வளவுதான்.  குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த சட்டைப் பையைத் தூக்கி, இருந்த இடத்தில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது மறுபடியும் தொங்கியது.

"வீட்டுக்கு வா, தைச்சுத் தர்றேன்."

"வேணாம்க்கா. பழைய சட்டைதான்."

"வாடான்னா வா."