வீராயிக்குக் கேட்காத சுவர்

மண் வீடு என்றதும் அங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"வேணாங்க மிஸ். லயத்த விட்டு வெளிய வாறதே இப்பத்தான். மறுபடி மண்ணா? சிமெந்துக் கல்லுல கட்டிக் குடுங்க."

வீடமைப்புத் திட்டத்துக்காக நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் பிரசாந்தினி, நனைந்த குடையை உதறினாள்.

"இது குழைச்சு அப்புற மண் இல்லையம்மா. ரெண்டு பலகைக்கு நடுவில ஈரமண்ணைப் போட்டு, படை படையா இடிச்சு இறுக்கிறது. கீழ கருங்கல் அத்திவாரம், மேல அகலக் கூரை. மழை ஒண்டும் செய்யாது. சுவரும் ஒரு அடிக்கு மேல தடிப்பு. பக்கத்து வீட்டில கதைக்கிறது கேக்காது."

அங்கம்மா நிமிர்ந்தாள்.

"நாங்க பேசுறது அவங்களுக்கு?"

"அதுவும் கேக்காது."

"அப்ப மண்ணே போடுங்க மிஸ்!"

காரணம் வீராயி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் ஓடும் லயத்தில், அடுத்த காம்பரா அவளுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாததால், இங்கே முணுமுணுத்தால் அங்கே தலையாட்டுவாள். மகள் மதுஷாவுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி அங்கம்மாவும் புருஷன் மாடசாமியும் ஒரு நாள் குசுகுசுத்தார்கள். மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் ஆளாளுக்கு, "மாப்பிள்ளைக்குக் காது மந்தமாமே?" என்று விசாரித்தார்கள். அந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்கும் போய், சம்பந்தமும் போனது. அடுத்த சம்பந்தமாவது வீராயி காதுக்குத் தப்பவேண்டும்.

இரட்டை வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் யார்? வீராயியேதான்.

வேலை முடிந்த மாலைகளில் இருவரும் பலகைக்குள் மண்ணைக் கொட்டி எதிரும் புதிருமாக நின்று இடித்தார்கள்.

"ஓங்கி இடிடி! ஒன் காத மூடுற சுவரு இது" என்றாள் அங்கம்மா.

"ஒன் வாய மூடத்தான் சுவரு இல்லயே" என்றாள் வீராயி.

பலகையைக் கழற்றியபோது, படைபடையாகச் செந்நிற வரி ஓடிய சுவர் கம்பீரமாக நின்றது. ஆனால் அங்கங்கே விரல் பருமனில் ஓட்டைகள்.

"இதென்னா மிஸ்?"

"பலகையைப் பிடிச்ச கம்பி போன இடம். அடைச்சிடுவம்."

"நானே அடைக்கிறேன்."

ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மண்ணைத் திணித்து, அகப்பைக் காம்பால் குத்திக் குத்தி இறுக்கினாள். சுவரை மூடிக் கூரை ஏறியதும், வீராயியை அந்தப்பக்கம் அனுப்பிக் கத்தச் சொன்னாள். ஒரு சத்தமும் வரவில்லை. வீராயி முகம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

"கேட்டுச்சா?"

"இல்லயே. என்னா சொன்ன?"

"கேக்காம இருந்ததே நல்லதுடி!"

குடிபோன மறுநாள் அங்கம்மா கண் விழித்தபோது கூரைக்கு மேல் வெயில் ஏறியிருந்தது. கொண்டையை முடிந்துகொண்டே, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடினாள். ஆட்களெல்லாம் மலைக்குப் போய்விட்டார்கள்.

"பிந்தி வந்தா அரைப்பேருதான், பாதிச் சம்பளம்" என்றார் கங்காணி.

பக்கத்தில் இன்னொருத்தியும் மூச்சிரைக்க நின்றாள். வீராயி!

"ஏன்டி, ஒன் மணிக்கூடு அடிக்கலியா? அந்தச் சனியன் சத்தத்துலதானே நான் தெனமும் எந்திரிப்பேன்!" என்றாள் அங்கம்மா.

"அது அடிச்சிருக்கும். எனக்கு அது எப்பவுமே ஒறைக்காது. நீ செவத்துல தட்டி, 'மூதேவி, அத நிப்பாட்டு'ன்னு கத்துவ பாரு, அதுலதான் முழிப்பேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணிதான் முதலில் சிரித்தார்.

அன்று மாலை அங்கம்மா ஒரு கம்பியோடு சுவரடியில் குந்தினாள். அடைத்த ஓட்டையைக் குடைந்தாள், அசையவில்லை.

"இப்புடிக் கல்லு மாதிரி அடைச்சது யாரு?" என்றான் மாடசாமி.

"பேசாம இருங்க."

இன்னும் கொஞ்சம் குடைந்ததும் கம்பி முனை எதிலோ 'டிங்' என்று இடித்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியாகக் கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது.

"யாருடி அது?" என்றாள் அங்கம்மா.

"நானும் இந்தப் பக்கம் கொடஞ்சுக்கிட்டிருந்தா, கம்பிய என் மூக்குல விடப் பாத்துட்டு, கேக்குற கேள்வியப் பாரு!"

அங்கம்மா சிரித்துவிட்டாள். ஓட்டையில் வாயை வைத்தாள். சொல்லாதே என்று மாடசாமி கையை ஆட்டிப் பார்த்தான். அவள் திரும்பவே இல்லை.

"வீராயி, எல்ல டவுன்ல இருந்து ஞாயித்துக்கெழம மதுஷாவப் பொண்ணு பாக்க வாறாங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்! மாப்பிள்ளைக்குக் காது கேக்குமா?"